அம்மாவிடம் பாஸ் புத்தகம் இருக்கிறது, நம்மிடம் என்ன இருக்கிறது?



“வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்! கையில் ஒரு செல்போன் போதும்! நீங்களே முதலாளி!” இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்க்காமல் நம்மில் யாருக்காவது ஒரு நாள் கழிகிறதா? காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அங்கே இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது இன்ஸ்டாகிராமைத் தள்ளினால் அங்கேயும் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து சம்பாதிப்பதை ஏதோ நம் தலைமுறைதான் முதன்முதலாகக் கண்டுபிடித்தது போல ஒரு பேச்சு!

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். ஏனென்றால் என் அம்மா முப்பது வருடமாக வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார். அவருக்கு முன்னால் எங்கள் ஆச்சியும் அப்படித்தான். இருவரும் பீடி சுற்றுகிறவர்கள்.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் மதியம் மூன்று மணிக்கு எந்தத் தெருவுக்குள் போனாலும், திண்ணையில் நாலைந்து பேர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி... கை பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்குப் பேசும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த எங்கள் தெரு அண்ணன் ஒருவர் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்துவிட்டார். “இதுக்குப் பேரு வொர்க் ஃப்ரம் ஹோம்” என்று அவர் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார். தெருவே ஆச்சரியமாகக் கேட்டது. அம்மா மட்டும் இலையை வெட்டிக்கொண்டே, “இதுல என்ன அதிசயம் இருக்கு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நாம் செய்யும் ‘ஃப்ரீலான்ஸ்’ வேலையில் அதிசயம் என்ன? ஆபத்து என்ன? நம் அம்மாக்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

பதினான்கு படங்கள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். முதலாமாண்டு படிக்கும்போது, அம்மா சீட்டு எடுத்த பணத்தில் எனக்கு ஒரு பழைய செல்போன் வாங்கிக் கொடுத்தார். அதில் நானாகவே போஸ்டர் வடிவமைக்கப் பழகினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காதணி விழாவுக்கு ஒரு அழைப்பிதழ் செய்து கொடுத்தேன். நூறு ரூபாய் கொடுத்தார்கள். அந்த நூறு ரூபாயை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்தார். அன்று எனக்கு இருந்த பெருமையை எழுத்தில் சொல்ல முடியாது.

அதன்பின் பிறந்தநாள் வாழ்த்து, கடைத் திறப்பு, கோயில் கொடை நோட்டீஸ் என்று வர ஆரம்பித்தது. கடந்த தீபாவளிக்கு முன்னால் ஒரு ஜவுளிக் கடைக்காரர் கூப்பிட்டார். கடையின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களுக்குப் படங்கள் வேண்டுமாம். “பத்துப் பதினஞ்சு போட்டுக் காட்டும்மா, பிடிச்சதுக்குக் காசு தாரேன்” என்றார். நானும் ஒன்பது ராத்திரி கண் விழித்துப் பதினான்கு படங்கள் செய்து அனுப்பினேன். “ஒண்ணும் சரியா வரலம்மா, அடுத்த தடவ பாப்போம்” என்று பதில் வந்தது.

சரி, நமக்குத்தான் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன். எதிரே ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். நான் செய்த படம்! நான் தேர்ந்தெடுத்த எழுத்து, நான் வைத்த பூ, நான் போட்ட நிறம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் காலேஜ் பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா திட்டவில்லை. “ஏட்டி, பீடிக்கடையில கழிச்சுப் போட்ட பீடிக்குக் கூலி தர மாட்டாவ. பீடியும் திரும்பி வராது. அதே கததான் ஒனக்கும். அழுது என்ன செய்ய? சரி, ஒம் பாஸ் புக்க எடு. என்னைக்குக் கொடுத்த, எத்தன கொடுத்த, எவ்வளவு பேசுன, பாப்போம்” என்றார்.

என்னிடம் பாஸ் புத்தகம் இல்லை. விலை பேசியது வாய்ப் பேச்சு. படங்களை அனுப்பிய செய்திகளைக்கூட, போனில் இடமில்லை என்று நானே அழித்துவிட்டிருந்தேன். மூன்றாமாண்டு டிப்ளமா படிக்கும் நான், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மாவின் முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

ஒரு சிறு புத்தகத்தின் பெருமை

நண்பர்களே, அம்மாவின் அந்தப் பாஸ் புத்தகம் சும்மா வந்ததல்ல. கடையில் எவ்வளவு இலை, எவ்வளவு தூள் வாங்கினோம், எத்தனை பீடி கொடுத்தோம் என்று அதில் பதிவாகும். 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவர்களையும் அது தொழிலாளர் என்று ஒப்புக்கொண்டது. 1976-ல் அவர்களுக்காக நலநிதிச் சட்டம் வந்தது.

அப்படியும் முதலாளிகள் விட்டார்களா? வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளர்களே அல்ல, அவர்களுக்கு வருங்கால வைப்புநிதி கட்ட மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985-ல் தீர்ப்பு வந்தது. வீட்டில் சுற்றுபவருக்கும் வைப்புநிதி உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சரியில்லாத பீடியைக் கழித்துப்போடும் உரிமை உன்னிடம் இருக்கிறது. அந்த உரிமையே மேற்பார்வைதான். ஆகவே அவர்கள் உன் தொழிலாளர்கள் என்பது அதன் சாரம். எந்தக் ‘கழிவை’ வைத்து ஏமாற்றினார்களோ, அதே கழிவே தொழிலாளிக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டது!

இதனால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? ஆச்சிக்கு இன்றும் மாதம் பென்ஷன் வருகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் வெற்றிலைக்குக்கூட யார் கையையும் அவர் எதிர்பார்ப்பதில்லை. பள்ளியில் படித்த காலத்தில், அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைக் காட்டித்தான் எனக்குக் கல்வி உதவித்தொகை வாங்கினோம். ஆக, நான் இந்தப் பாலிடெக்னிக் வாசலை மிதித்ததில் அந்த அட்டைக்கும் பங்கு உண்டு.

அதே தெருவில் என் சித்தி இருக்கிறார். அவரும் இருபது வருடமாகச் சுற்றுகிறார். ஆனால் வேறொருவர் பெயரில் உள்ள புத்தகத்தில் போடுகிறார். வேலை ஒன்றுதான், முதுகுவலியும் ஒன்றுதான். சித்திக்கு வைப்புநிதி இல்லை, அட்டை இல்லை. அரசாங்கக் கணக்கில் சித்தி சுற்றிய ஒரு பீடிகூட இல்லை!

இப்போது சொல்லுங்கள். போனில் வேலை செய்யும் நாம் அம்மா மாதிரியா, சித்தி மாதிரியா? சந்தேகமே வேண்டாம், நாம் சித்தி மாதிரிதான்.

சட்டம் எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே 177-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் உணவு கொண்டுவந்து தருபவர்கள் போன்ற கிக் தொழிலாளர்களுக்கு 2023-ல் நலவாரியம் அமைத்தார்கள். கிக் தொழிலாளி என்ற சொல்லே இடம்பெற்ற 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இவை நல்ல ஆரம்பம். ஆனால் இவை பெரும்பாலும் செயலி நடத்தும் பெரிய நிறுவனங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தெருமுனைக் கடைக்குப் போஸ்டர் செய்பவளுக்கும், திண்ணையிலிருந்து தட்டச்சு செய்து கொடுப்பவனுக்கும் புத்தகம் போட்டுத் தர இன்று யாரும் இல்லை. நம் புத்தகத்தை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்!

வாடகைத் திண்ணை

அடுத்து, சமூக ஊடகத்தில் வியாபாரம். இதைக் கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள், தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள். அப்பா முதல் கட்சி. “போன நோண்டிக்கிட்டு இருக்கதுக்குப் பேரு வேலையாம்மா?” என்பார். என் தோழிகள் இரண்டாம் கட்சி. ரெண்டு ரீல்ஸ் போட்டால் லட்சாதிபதி என்பார்கள். நான் இரண்டு கட்சியிலும் இல்லை.

என் அத்தை ஆரி வேலைப்பாடு செய்து ஜாக்கெட் தைப்பவர். அவருக்காக இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினேன். ஒரு ரீல்ஸை இருபதாயிரம் பேர் பார்த்தார்கள். வீடே கொண்டாடியது. வந்த ஆர்டர் எத்தனை? ஆறு! அந்த ஆறு பேரும் எங்கள் தாலுகாவைத் தாண்டாதவர்கள். மூன்று பேர் ஏற்கெனவே அத்தையிடம் தைத்தவர்கள் சொல்லி வந்தவர்கள். பார்த்தவர்கள் வேறு, வாங்குபவர்கள் வேறு என்பது அன்றுதான் புரிந்தது. அதன்பின் பாட்டு, டான்ஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். பகல் வெளிச்சத்தில் தெளிவான படம் எடுத்தோம். விலையை மறைக்காமல் படத்திலேயே எழுதினோம். எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் எழுதினோம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் மாதிரிகளை வரிசையாக அடுக்கினோம். கேட்டவருக்கு அன்றைக்கே பதில் சொன்னோம். இப்போது கல்யாண மாதங்களில் அத்தைக்கு மூச்சுவிட நேரமில்லை. பாருங்கள், பழைய கடைத்தெரு நியாயம்தான் இங்கும் செல்லுகிறது. சரக்கு நன்றாக இருக்க வேண்டும், சொன்ன தேதி தவறக் கூடாது, வாய் இனிமையாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பக்கம் நம்முடையது அல்ல. அது வாடகைத் திண்ணை. இன்னும் சொன்னால், வாடகைச் சீட்டுகூட இல்லாத திண்ணை! 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதில் மட்டுமே வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் கடை காலி. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் போல முடங்கின. மூன்றும் ஒரே முதலாளியின் திண்ணைகள் என்பது பலருக்கும் அன்றுதான் உறைத்தது. ஆகவே வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், அளவு, விருப்பமான நிறம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதும்படி அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். செயலி போனாலும் நோட்டு இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. “லைக் போட்டால் பணம், பதிவுக் கட்டணம் ரெண்டாயிரம்” என்று டெலிகிராமில் வரும் வேலைகளை நம்பி நம் விடுதித் தோழி ஒருத்தி பணத்தை இழந்தாள். இதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான். வேலை கொடுப்பவன் காசு கொடுப்பான். நம்மிடம் காசு கேட்பவன் வேலை கொடுக்க மாட்டான். “உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்” என்பவனிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்தக் கணக்கில் புரளுவது திருட்டுப் பணமாக இருந்தால் போலீஸ் தேடி வருவது நம் வீட்டுக்குத்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

நாமே நமக்கு எதிரி

இதுவரை மற்றவர்களைக் குறை சொன்னேன். இப்போது என் குறையையும் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு நம் கல்லூரியின் சீனியர் அக்கா ஒருவர் ஒரு கடைக்கு ஒரு போஸ்டருக்கு இருநூறு ரூபாய் கேட்டார். அதே கடைக்காரர் என்னிடம் வந்தார். நான் நூறு ரூபாய்க்குச் செய்து கொடுத்தேன். அன்று எனக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் போஸ்டருக்கு ஏழு தடவை திருத்தம் சொன்னார்கள். நான்கு மணி நேரம் ஆனது. மணிக்கு இருபத்தைந்து ரூபாய்! அக்காவின் பிழைப்பையும் கெடுத்தேன், என் கூலியையும் நானே குறைத்தேன். அடுத்து ஒருத்தி எழுபத்தைந்துக்கு வருவாள். அப்புறம் ஐம்பதுக்கு ஒருவன் வருவான். கடைசியில் லாபம் யாருக்கு?

அம்மா சொல்வார், “ஒத்தையில போய்க் கேட்டா ‘இஷ்டம்னா சுத்து, இல்லன்னா போ’ம்பாவ. தெருவே சேந்து போய் நின்னாதான் ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி ஏறும்.” ஃப்ரீலான்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள், எந்த அரசனுக்கும் கட்டுப்படாமல் கூலிக்கு ஈட்டி பிடித்த போர்வீரன் என்பதாம். கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒத்தை ஈட்டி எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பேரவை அறையில் ஒரு பலகை வையுங்கள். போஸ்டர், வீடியோ எடிட்டிங், தட்டச்சு, புராஜெக்ட் வரைபடம் என்று நம் மாணவர்கள் வெளியே செய்யும் வேலைகளுக்குக் குறைந்தபட்சக் கூலியை நாமே கூடிப் பேசி அதில் எழுதுவோம். அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது. வேலை வாங்கிக்கொண்டு காசு தராத இடங்களைப் பற்றி எழுத ஒரு நோட்டும் அங்கே இருக்கட்டும். கலை விழாவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் உழைக்கும் பேரவை, இதற்கும் கொஞ்சம் உழைக்கக் கூடாதா?

ஒவ்வொருவரும் செய்ய வேண்டியதும் உண்டு. தேதி, வேலை, பேசிய கூலி, எத்தனை திருத்தம் என்பதை எழுதி, வேலை கொடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரி” என்று ஒரு வார்த்தை வாங்குங்கள். பாதிப் பணம் முன்பணமாக வேண்டும் என்று கூசாமல் கேளுங்கள். முழுப் பணம் வரும்வரை மாதிரியின் குறுக்கே உங்கள் பெயரைப் போட்டே அனுப்புங்கள். இரண்டு திருத்தத்துக்கு மேல் தனிக் காசு என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்தச் செய்திகளை என்னைப் போல அழித்துவிடாதீர்கள்!

ஜவுளிக் கடைக்காரரிடமிருந்து எனக்கு இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த மூன்று பேரிடம் முன்பணம் கேட்டேன். இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் கொடுத்தார். இன்றும் அவர்தான் என் நிரந்தர வாடிக்கையாளர்.

கடைசியாக ஒரு வார்த்தை

இது குறிப்பாக மாணவிகளுக்கு. ‘வீட்டிலிருந்தே வேலை’ என்பது நமக்கு வரமாகவும் இருக்கலாம், வேலியாகவும் ஆகிவிடலாம். குழந்தை வைத்திருப்பவருக்கும், நடமாட முடியாதவருக்கும், வயதானவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் அது பெரிய உதவி. மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தபோது, அப்பா என்ன சொன்னார் தெரியுமா? “அதான் வீட்டுலயே சம்பாதிக்கலாம்லா, எதுக்கும்மா அம்புட்டு தூரம் போணும்?” இத்தனை நாள் போனை நோண்டுவது வேலையே இல்லை என்றவர், என்னை வெளியே அனுப்பப் பயந்தபோது அதையே வேலை என்று ஒப்புக்கொண்டார்!

அம்மா தட்டைக் கீழே வைத்தார். அவர் வேலைக்கு நடுவில் தட்டைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை. “நான் முப்பது வருசம் இந்தத் திண்ணையில இருந்தது போதும். எனக்கு வேற வழி இல்ல, இருந்தேன். அவளுக்கு வழி இருக்கு. போய்ப் பாக்கட்டும். பிடிக்கலன்னா வந்து இங்கன இருந்து செய்யட்டும். அவளா வந்தா அது வேற, நாம இருத்தி வச்சா அது வேற” என்றார்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பஸ் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வந்தார்.

நண்பர்களே! வீட்டில் செய்தால் என்ன, வெளியில் செய்தால் என்ன, வேலை வேலைதான். ஆனால் அது நாம் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு கூலி இருக்க வேண்டும். அது ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். “நீங்களே முதலாளி” என்று விளம்பரம் சொல்கிறது. முதலாளி ஆவது பிறகு இருக்கட்டும். முதலில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்குவோம்!

— இறுதியாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை